வயர்மேன் அண்ணாச்சி அட்டெண்ட் பண்ணியது

"இட்லியை அட்டெண்ட் பண்ணிட்டு வந்துருதேன் மேடம். அஞ்சே நிமிசம்."

கரண்ட் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். காக்கிச் சட்டை, தோளில் கயிற்றுச் சுருள், இடுப்பில் கட்டிங் பிளையர், கையில் தூக்குவாளி. கம்ப்ளைண்ட் ரிஜிஸ்டரை என் மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கம் ஏணிகள் சாத்தியிருக்கும் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, நான்கு இட்லியையும் மிளகாய்ப்பொடியையும் சொன்னபடியே அட்டெண்ட் பண்ணினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முதல் நாளே சிரித்து வைத்தால் மரியாதை கெட்டுப்போகும் என்று ரிஜிஸ்டரைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கல்லிடைக்குறிச்சி சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் "அட, நம்ம அண்ணாச்சில்லா" என்று கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் அவருக்கே போன் போட்டு, "உங்களைப் பத்தி அந்தம்மா என்னமோ எழுதியிருக்காவளே" என்று பற்ற வைப்பார்கள். வயர்மேன் அண்ணாச்சி என்றால் போதும். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

பத்து வருடத்துக்கு மேல் ஒரே ஆபீஸில் இருந்தோம். அதில் முதல் இரண்டு வருடம் எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. காரணம் அந்த ஒற்றைச் சொல்தான்.

எங்கள் பக்கம் அட்டெண்ட் என்ற சொல்லுக்கு அதிக வேலை கிடையாது. போனை அட்டெண்ட் பண்ணுவோம். கல்யாணத்தை அட்டெண்ட் பண்ணுவோம். அதோடு சரி, அதை மடித்து உள்ளே வைத்துவிடுவோம். கரண்ட் ஆபீஸில் கம்ப்ளைண்டையும் அட்டெண்ட் பண்ணுவோம், அது இலாகா வழக்கு. இவரோ எதையும் விட்டுவைக்கவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் அட்டெண்ட். பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டால் அட்டெண்ட். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது என்றால், "காலையில போய் ஒரு குளியல் அட்டெண்ட் பண்ணிட்டு வந்தேன் மேடம்." கோர்ட்டில் வாய்தாவுக்குப் போகும் மைத்துனருக்குத் துணையாகப் போனால், கேஸை அட்டெண்ட் பண்ணினது இவராகிவிடும். திருச்செந்தூர் முருகனைக்கூட ஆவணியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை அட்டெண்ட் பண்ணிவிடுவார்.

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எரிச்சலில் ஒருநாள் அவளுடைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். போதல், உடனிருத்தல், செவிகொடுத்தல், கவனித்தல், பணிவிடை செய்தல் என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தது. மறுநாள் அவரிடம், "அண்ணாச்சி, நீங்க சொல்லுததெல்லாம் தப்பில்ல போலுக்கே. இத்தனை அர்த்தம் இருக்கு" என்று வாசித்துக் காட்டினேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எல்லாம் ஒண்ணுதான மேடம்? போய் நிக்கணும். அம்புட்டுத்தான். சரியாவுதா ஆவலியாங்கது ரெண்டாவது."

"சரியாவலைன்னா போய் நின்னு என்ன புண்ணியம்?"

"நிக்கவே இல்லைன்னா?" என்றார். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர் எதை அட்டெண்ட் பண்ண வேண்டுமானாலும் அது ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும். டீக்கடையில் நின்று, "அண்ணாச்சி, எங்க வீட்டுல பீஸ் போயிருச்சு" என்று யாராவது சொன்னால், காதில் விழாத மாதிரி டீயைக் குடிப்பார். அவர்கள் மறுபடியும் சொன்னால், "போனைப் போட்டு மேடத்துட்ட சொல்லு. எழுதினா வருவேன்" என்பார். கரண்ட் இல்லாமல் வேர்த்துக்கொண்டு நிற்கும் ஆளுக்கு எப்படி இருக்கும்? திட்டிக்கொண்டே ஆபீஸுக்கு வருவார்கள். அந்தத் திட்டு முழுக்க என் காதில்தான் விழும்.

எழுதினால், வரிசைப்படிதான் போவார். தினமும் பத்தரை மணிக்கு என் மேசை முன்னால் நின்று, ரிஜிஸ்டரில் இருப்பதை ஒன்று, இரண்டு என்று சத்தமாக வாசிப்பார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரி இருக்கும். கம்பி அறுந்து தரையில் கிடந்தாலோ, ஆஸ்பத்திரியில் கரண்ட் போனாலோ மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொல்வார். அது வரிசையில் எங்கே கிடந்தாலும் முதலில் போகும். மற்றபடி கலெக்டர் வீடாக இருந்தாலும் வந்த வரிசைதான். வேலையை முடித்ததும் எதிரே இருக்கும் கட்டங்களை அவரே நிரப்புவார். சரிசெய்த நேரம், பழுதின் காரணம், கையெழுத்து. காரணக் கட்டத்தில் 'மரக்கிளை', 'அணில்', 'லூஸ் கனெக்ஷன்' என்று குண்டு குண்டாக எழுதியிருப்பார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ரைஸ் மில் முதலாளி ஒருவர் இருந்தார். போனிலேயே அடிக்கிற மாதிரி பேசுவார். ஒருநாள் அவர் மில்லில் கரண்ட் போய் நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார். "ஏன்வே, முப்பது பேருக்குச் சம்பளம் குடுக்கேன், எனக்கு முன்னால எவன் வீட்டு மிக்ஸிக்குவே போறீரு?" என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, "மொதலாளி, நீங்க ஆறு. இப்ப நாலு ஓடுது. அந்த மிக்ஸிக்காரி எட்டு மணிக்கே எழுதிட்டா" என்று பைய சொன்னார். முதலாளி மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவர் யாருக்கோ போட்டார். அதெல்லாம் முடிவதற்குள் அண்ணாச்சி நாலையும் ஐந்தையும் முடித்துவிட்டு மில் வாசலில் போய் நின்றார்.

சரி, இதெல்லாம் ஊராருக்கு. கூட வேலை பார்க்கிற எனக்கு ஒரு சலுகை இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை. மகளுக்குப் பரீட்சை சமயம். வீட்டில் கரண்ட் இல்லை. மத்தியானம் அவரிடம், "அண்ணாச்சி, போற வழியில நம்ம வீட்டை ஒரு எட்டுப் பாத்துருங்க, பிள்ளை படிக்கணும்" என்றேன்.

"எழுதியாச்சா மேடம்?"

"நான்தானே ரிஜிஸ்டரே எழுதுதேன்! என்னையவா எழுதச் சொல்லுதிய?"

"எழுதிருங்க. பன்னெண்டாவதா வரும்."

எனக்கு வந்த கோபத்தில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். என் மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கம்பத்தில் ஏறி, கனெக்ஷனை முறுக்கிவிட்டு, "நல்லா எழுது தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவருடைய மனைவியிடம் ஒருதரம் கேட்டேன். அவரை நான் அண்ணாச்சி என்றதால், அவர் மனைவி எனக்கு மதினி ஆகியிருந்தாள். "வேலைக்குச் சேந்த புதுசுல ஒருத்தர் ரோட்டுல வச்சுச் சொல்லியிருக்காரு, மோட்டார் ரூமுல ஷாக் அடிக்குன்னு. இவிய சரின்னுட்டு மறந்துட்டாவ. மறுநாள் அங்கன ஒரு பசு செத்துக் கிடந்திருக்கு. அந்த மனுசன் ஒரு வார்த்தை திட்டலையாம். திட்டியிருந்தா எங்க வீட்டுக்காரரு மறந்திருப்பாவ" என்றாள். அன்றிலிருந்து எழுத்தில் இல்லாததை அவர் நம்புவதில்லை. எழுத்தில் இருப்பதை விடுவதுமில்லை.

எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது என் அப்பா இறந்தபோதுதான். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துஷ்டிக்குப் போவது என்போம். துஷ்டிக்கு வருகிறவர்கள் கையைப் பிடிப்பார்கள், நாலு வார்த்தை சொல்வார்கள், கிளம்புவார்கள். இவருக்கு அந்த நாலு வார்த்தை வராது. காலை பத்து மணிக்கு வந்தார். அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் வயர் சொருகியிருந்த இடத்தில் போய் நின்றார். மூன்று மணிக்கு அப்பாவை எடுக்கும்வரை அங்கேயே நின்றார். அந்தப் பிளக் லூஸாக இருந்ததாம், யார் கால் பட்டாலும் அணைந்துவிடுமாம். பிற்பாடு என் தம்பி சொல்லித்தான் தெரியும். ஐந்து மணி நேரமும் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். மறுவாரம் ஆபீஸில் அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "துஷ்டியை அட்டெண்ட் பண்ணணும்லா மேடம்" என்றார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர் தன் சொந்த மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஒரே மகள். திருநெல்வேலியில் கல்லூரியில் படித்தவள், கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் கடற்கரை ஊர்க்காரன், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம், அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு. பையனும் நல்ல பிள்ளைதான், துறைமுகத்தில் வேலை. அண்ணாச்சி சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று சவரம் பண்ணி, துவைத்த காக்கியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் பத்தரைக்கு என் மேசை முன்னால் வந்து நின்றார். பெண்ணின் தாய்மாமனும் மதினியும் மட்டும் காலையிலேயே பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்குமா வேலைக்கு வந்திய?"

"எத்தனை இருக்கு மேடம்?" என்றார்.

அன்றைக்குப் பதினேழு இருந்தது. பதினேழையும் முடித்துக் கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எவன் எவன் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாமோ போய், மைக் செட் வயர் வரைக்கும் சரிபார்த்துவிட்டு வருகிற ஆள். எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இந்த மனுசனைப் போய் நல்லவர் என்று நினைத்தோமே என்று இருந்தது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. மகளைப் பற்றிய பேச்சு வந்தாலே அவர் எழுந்து பின்பக்கம் போய் ஏணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றரை வருடம் ஓடிப் போயிற்று. மகள் உண்டாகியிருந்தாள். மதினி மாதம் ஒருமுறை அந்த ஊருக்குப் போய்வருவாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வழக்கம். அதில் அவர்களுக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் சம்பந்தியம்மாள் ஒன்று சொல்லிவிட்டாள்: "கல்யாணத்துக்குத்தான் வரல. சரி, போவட்டும். இப்ப பெத்த அப்பன் வந்து, எம் மவளை அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். கேக்காம எங்க வீட்டுப் பிள்ளையை எப்படி அனுப்ப?" அதிலும் தப்பு சொல்ல முடியாது. மதினி வீட்டில் வந்து சொன்னாள். அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஏழாம் மாதம் போயிற்று, எட்டும் போயிற்று. ஒன்பது நடந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு உடம்பு வேறு வீங்கிக் கிடந்தது. "'அப்பா வருவாங்களா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கா, நான் என்னத்தைச் சொல்ல?" என்று மதினி என்னிடம் போனில் அழுதாள்.

ஐப்பசி மழை. முந்தின நாள் பெய்த பெய்யலில் காலையிலேயே எட்டு கம்ப்ளைண்ட் ஏறிவிட்டது. இன்னொரு வயர்மேன் லீவு. நான் போனை வைக்கவும் அது அடிக்கவுமாக இருந்தபோது, மதினி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வீட்டில் கட்டியிருந்த சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

"என்ன மதினி? வீட்டுல கரண்ட் இல்லையா?"

"அந்த நோட்டைத் தாங்க."

"எந்த நோட்டு?"

"அதான், அவிய தெனமும் வாசிக்குத நோட்டு. நானே எழுதுதேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொடுத்தேன். ஒன்பதாவது வரியில் எழுதினாள். நிதானமாக, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். மின் இணைப்பு எண் என்ற இடத்தில் அவர்கள் வீட்டு எண். பெயர், முகவரி. புகார் என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தாள். 'மகளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைக்க அப்பா இன்னும் போகவில்லை. தயவுசெய்து அட்டெண்ட் பண்ணவும்.'

"மதினி, இது ஆபீஸ் ரிஜிஸ்டர். மேலதிகாரி பாப்பாரு. ஊர்க்காரன் பாப்பான். அதோட அந்த ஊரு நம்ம ஆபீஸுக்குள்ளயே வராதே!"

"பழுது எங்க வீட்டுலதான இருக்கு? எங்க வீட்டு நம்பர்தான் போட்டிருக்கேன்" என்றாள். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. "வாயால இருவது தடவை சொல்லிட்டேன். இனி என்ன செய்ய, சொல்லுங்க."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "இருங்க, இதை முதல்ல போற மாதிரி மாத்தி எழுதிருவோம்."

"வேண்டாம், வேண்டாம். சிவப்புல எழுதினா அதையே சாக்கா வச்சுச் சண்டைக்கு வந்துருவாவ, கம்பி எங்க கிடக்குன்னு. வரிசையிலயே கிடக்கட்டும்." அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவரை வேறு யாருக்குத் தெரியும்? குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் படி இறங்கும்போதே போன். ரைஸ் மில் முதலாளி. மில்லில் ஒரு பேஸ் கரண்ட் வரவில்லை, மோட்டார் ஓடாது. பத்தாவதாக எழுதினேன்.

பத்தரைக்கு அண்ணாச்சி நனைந்துகொண்டே வந்தார். துண்டால் தலையைத் துவட்டிவிட்டு ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். நான் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணினேன். ஒன்று, வடக்குத் தெரு, பீஸ். இரண்டு, கீழத் தெரு, கிளை விழுந்திருக்கு. மூன்று, நான்கு என்று அதே பள்ளிக்கூடக் குரலில் வாசித்துக்கொண்டே வந்தார். எட்டையும் வாசித்தார். "ஒம்பது" என்றார்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையில் அவர் விரல் இருந்த இடம் மட்டும் தெரிந்தது. விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தாளில் விழுந்து, அதைக் கட்டைவிரலால் ஒற்றி எடுத்தார்.

"பத்து, மில்" என்று கடைசியாகச் சொன்னார். கயிற்றை எடுத்துக்கொண்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டேன். "அண்ணாச்சி! அந்த ஒம்பதை வாசிச்சியள்லா? அதையுமா வரிசையில போடப் போறிய? முதல்ல அங்க போங்க அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"முன்னால எட்டு வீடு இருட்டுல கிடக்கு மேடம்" என்றார். சைக்கிளில் ஏணியைச் சாத்திக் கட்டிக்கொண்டு மழையில் போய்விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்த மனிதரை மனதுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை. இனி எட்டை முடித்துவிட்டு, ஒன்பதைத் தாண்டிப் பத்துக்குப் போய்விடுவார், அந்தப் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்காமலேயே பெற்றெடுக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மூன்று மணியிலிருந்து மில் முதலாளி போன் போட ஆரம்பித்தார். "எங்க இருக்காரு உங்க ஆளு?" என்றார்.

"தெரியல மொதலாளி. பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, எட்டாவது வீட்டுக்குப் போன் போட்டேன். ஒன்றரைக்கே சரிசெய்துவிட்டுப் போய்விட்டாராம். "சாப்பிடச் சொன்னோம், அடுத்தது தூரம்னு போயிட்டாரு" என்றார்கள். மதினியின் போனுக்கு அடித்தேன். பஸ் சத்தத்துக்கு நடுவில், "களக்காடு தாண்டிட்டோம்" என்றாள். "ரெண்டு பேருமா?" என்றேன். "ஆமா. காக்கியோடயே வந்துட்டாவ. வேட்டியை மாத்துங்கன்னேன், நேரமாச்சுன்னுட்டாவ."

நாலு மணிக்கு மறுபடியும் மில் முதலாளி. குரல் ஏறியிருந்தது. "எம்மா, நான் பத்துன்னுல்லா சொன்னிய? இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒம்பதுல இருக்காரு மொதலாளி."

"எவன் வீடு அது ஒம்பது? அப்படி என்ன பெரிய ரிப்பேரு?"

ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். எந்த ஊர், யார் மகள், என்ன மாதம், எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் மில்லின் சத்தம்கூட இல்லை, கரண்ட்தான் இல்லையே.

"பைய முடிச்சுட்டு வரட்டும். நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார்.

அங்கே நடந்ததை மதினி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். வள்ளியூரில் பஸ் மாறி, அந்த ஊரில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருக்கிறது. தெருமுனையில் மதினிக்குச் செருப்பு அறுந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் நொண்டி வருவதற்குள், அவர் முன்னால் நடந்துபோய் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். நின்றவர் கூப்பிடவில்லை. கூப்பிடத்தான் அவருக்கு வராதே. காக்கிச் சட்டை, தோளில் கயிறு, இடுப்பில் பிளையர். உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவரை அவள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது. பீஸைப் பிடுங்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்துப் பதறிவிட்டாள்.

"என்னய்யா இது, நாங்க போன வாரமே பில்லு கட்டியாச்சே! ரசீது இருக்கு, எடுத்துக் காட்டவா?"

அண்ணாச்சி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்திருக்கிறார்.

"பில்லுக்கு வரல தாயி. எம் மகளைக் கூப்பிட வந்திருக்கேன். அனுப்பி வைக்கணும்."

சம்பந்தியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். உள்ளே படுத்திருந்த மகள் குரலைக் கேட்டுவிட்டாள். அந்த வயிற்றோடு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். அழவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க ரூம் ஃபேன் ஒரு மாசமா ஓடலப்பா" என்றாளாம்.

"ஒரு மாசமாவா? ஏன் சொல்லல?"

"யாருட்ட சொல்ல?"

அதைக் கேட்டதும்தான் அவர் உடைந்தார் என்றாள் மதினி. கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றி, கண்டென்சர் போயிருக்கிறது என்று மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். அது ஓடின பிறகுதான் காபியையே வாங்கிக் குடித்தார். வருகிற புதன்கிழமை காரில் வந்து அழைத்துப்போவது என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் பத்தரைக்கு அண்ணாச்சி வழக்கம்போல் வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து ஏணிக்கயிற்றை அவிழ்க்கப் போய்விடுவாரோ என்று பயம். ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தேன். முதல் எட்டு வரிக்கும் கட்டங்களை நிரப்பினார். எல்லாம் கிளை, பீஸ், கிளை. ஒன்பதுக்கு வந்தார். சரிசெய்த நேரம், 'மாலை 5.40' என்று எழுதினார். அடுத்தது பழுதின் காரணம். அங்கே பேனா நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எதற்கோ அலமாரியைத் திறந்தேன். திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

காரணக் கட்டத்தில், அதே குண்டு எழுத்தில், 'வயர்மேன்' என்று எழுதியிருந்தது.

"பத்து மில்லுதான மேடம்?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டார்.